தறிக்கு ஒரு சூப்பர்வைசர்

அது பூனை முடி. தட்டாதீங்க, தட்டினா இன்னும் நல்லா ஒட்டிக்கிடும். என் பையிலருந்துதான் ஒங்க சேலைக்கு வந்துருக்கு. தள்ளி உக்காந்தாலும் வரும், அதனால தள்ள வேண்டாம். பஸ் எடுக்க நேரமாவும். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு. ஊதி ஊதிக் குடிக்க ஆளு, நடையப் பாத்தாலே தெரியுது.

பையில என்னன்னுதான பாக்கீங்க? நூல்கண்டு, ஊசி, பூவேலைக்கு மாட்டுத வட்டச் சட்டம், கொஞ்சம் உல்லன். நான் நெய்யுதவ. பொழப்புக்கு இல்ல, ஆசைக்கு. மேசை மேல வைக்கக்கூடிய சின்னத் தறி ஒண்ணு வச்சிருக்கேன். நெய்த துணி மேலயே தையல் வேலையும் போடுவேன். ஒத்தையில செய்யல. நானும் பூனையுமாத்தான் செஞ்சோம். சிரிக்கீங்க. சிரிங்க. சிரிக்கதுக்கு மனுசருக்குக் காரணமா வேணும்?

என் பேரு அன்னபாக்கியம். ஒரு மில் ஆபீசுல டெலிபோன் போர்டுல இருந்தேன். காதுல மாட்டிக்கிட்டு லைன் குடுக்கது, லைன் வாங்குதது, அதான் வேலை. கேக்கக் கூடாதுதான், காதுல விழுந்தா என்ன செய்ய? மானேஜர் பம்பாயிலருந்து வீட்டுக்குப் பேசுவாரு. சாப்டியான்னு கேப்பாரு. சாப்டேன்னு அந்தம்மா சொல்லும். மழை உண்டான்னு கேப்பாரு. இல்லன்னு சொல்லும். இதுக்குப் போய் ஒரு லைனு! மொதலாளி வீட்டுலயும் இதே பேச்சுதான், வாச்மேன் வீட்டுலயும் இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டு எனக்கு மனுசக் குரலே வெறுத்துட்டு. கல்யாணம் வேண்டாம்னு சொன்னதுக்கும் அதான் காரணம். வீட்டுக்கு வந்தும் ஒருத்தன் சாப்டியான்னு கேப்பான்லா.

மில்லுல மிச்ச நூலு சும்மா கெடைக்கும். ரெண்டு லைனுக்கு நடுவுல கை சும்மா இருக்கக் கூடாதுன்னு ஊசியப் பிடிச்சேன். ரிட்டயர் ஆனபொறவு தறியும் வாங்கினேன். பெருமாள்புரத்துல தம்பி ஜெயசிங் வீட்டுல இருந்தேன் அப்பம். முன் ரூமை எனக்குக் குடுத்தாங்க. பெரிய ஜன்னலு, நல்ல வெளிச்சம். வாறவன் போறவனுக்குக் கதவு தொறக்க ஒரு ஆளு வேணும்லா, அதுக்காவத்தான் குடுத்தது. தம்பி அங்கன உக்காந்துதான் பேப்பர் படிப்பான். நான் வந்த பொறவு நாற்காலியத் தூக்கிக்கிட்டு அடுப்படிப் பக்கம் போய்ட்டான். ஜன்னல் வெளிச்சம் கண்ணு கூசுதுன்னான். அக்காகூட ஒரே ரூமுல உக்கார ஆவல, அதச் சொல்லத் தைரியம் இல்ல.

தம்பி பொண்டாட்டி பியூலா. அவளப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. மூச்சு எளப்பு உள்ளவ. பேச ஆரம்பிப்பா, பாதியில மூச்சு வாங்கும், மீதிய நாமளே ஊகிச்சுக்கிடணும். ஊகிச்சாலும் அதுல ஒண்ணும் இருக்காது. மயினி இட்லி வைக்கட்டுமா, மயினி ஃபேன் போடட்டுமா. அம்புட்டுத்தான் அவளுக்குத் தெரிஞ்ச ஒலகம்.

பூனை ஒரு மழையில ஜன்னல் வழியா வந்துது. வெள்ளை, முதுகுல கொஞ்சம் செவப்பு. நனைஞ்சுபோய் நேரா தறிக்கிட்ட வந்து, பெஞ்சுல என் வலப்பக்கம் உக்காந்துது. நான் ஊடு நூலு கோத்த நாடாவ இந்தப் பக்கம் எறிஞ்சா அதுக்குத் தலை இந்தப் பக்கம் வரும். அந்தப் பக்கம் எறிஞ்சா அந்தப் பக்கம் போவும். ஒரு சத்தம் கெடயாது. நெடுக்க ஓடுத பாவு நூலு எங்கயாவது தொய்வா இருந்தா, நகத்தை உள்ள விட்டு இழுத்துக் காட்டும். நூலு பிஞ்சுதான் போவும், இல்லன்னு சொல்லல. ஆனா அது சொன்னது சரியா இருக்கும். அங்கன தொய்வுதான். மில்லுல என்னைக் கடைசி வரைக்கும் சூப்பர்வைசர் ஆக்கல, எனக்குப் பொறவு வந்த ஒரு கூறு கெட்டவளுக்குக் குடுத்தாங்க. அந்தப் பேரைப் பூனைக்கு வச்சேன். அவளவிட இது நல்லாவே பாத்துது.

பியூலாவுக்கு அந்தப் பேரு வாயில நுழையல. சூப்பர்வைசர்னு சொல்லி முடிக்கதுக்குள்ள மூச்சு நின்னுரும். சூப்பி, சூப்பின்னு கூப்பிட்டா. சப்பிப் போட்ட மாங்கொட்டைக்கு வைக்க பேரு. பூனையும் மானங்கெட்டுப்போய் அதுக்குத் திரும்பிப் பாத்துது.

நிறம் எடுக்கது எல்லாம் பூனைதான். நாலஞ்சு கண்டைத் தரையில பரப்புவேன். எது மேல உக்காருதோ அதான். நம்ம பொம்பளையாளுகளுக்கு நிறம் எடுக்கத் தெரியுமா? இலைன்னா பச்சை, பூன்னா செவப்பு, வானம்னா நீலம். சின்னப் புள்ளைல கத்துக்கிட்டத விடவே மாட்டாங்க.

பஸ் எடுத்தாச்சு. பிடிச்சுக்கிடுங்க, இவன் பிரேக்கை மிதிக்கவன் இல்ல, ஒதைக்கவன்.

எங்க சபையில பெண்கள் சங்கத்துக்கு ஆண்டு விழா வந்துது. மேடைக்குப் பின்னால தொங்கவிட ஒரு திரை வேணும், மேய்ப்பரும் ஆடும் போட்டு. வேற யாருக்கும் போடத் தெரியாது, என்கிட்ட வந்தாங்க. மழைக்காலம் பூரா நானும் சூப்பர்வைசரும் அதுலதான் கெடந்தோம். நெசவு என்னோடது, நிறம் அதோடது. மேய்ப்பர் அங்கிக்கு ஊதா மேல உக்காந்துது. புல்லுக்குப் பழுப்பு. ஆட்டுக்கு வெள்ளையத்தான் முன்னால தள்ளி வச்சேன், அது நடந்துபோய் ஆரஞ்சு மேல படுத்து ஒறங்கிட்டு. எழுப்ப மனசு வரல. ஆட்டை ஆரஞ்சுல போட்டேன்.

சங்கத்துக் கூட்டத்துல விரிச்சுக் காட்டினேன். செக்ரட்டரி எப்சிபான்னு ஒருத்தி. உடம்பெல்லாம் நகை, கண்ணுக்கு மட்டும் ஒண்ணும் போடல. கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. "மேய்ப்பர் பக்கத்துல எதுக்கு நரி நிக்குது?"ன்னு கேட்டா.

அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. மடிச்சு எடுத்துட்டுப் போயிருப்பேன். அதுக்குள்ள பின்வரிசையிலருந்து பியூலா எந்திரிச்சுட்டா. வீட்டுலயே வாயத் தொறந்து பேசாதவ, சபையில எந்திரிச்சு நிக்கா. சாயங்கால வெயிலு ஆட்டு மேல விழுது, அதைத்தான் மயினி போட்டுருக்காவன்னு, மூச்சு வாங்கி வாங்கி, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சா. எல்லாரும் சிரிப்ப நிப்பாட்டிட்டு அவளையே பாத்தாங்க. திரையத் தொங்கவும் விட்டாங்க. எனக்கு எவ்வளவு அவமானமா இருந்துருக்கும்? என் வேலைக்கு இவ விளக்கம் சொல்லுதா! வெயிலாம். நான் எங்க வெயிலப் போட்டேன்? வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு அவகிட்டப் பேசல. அவளுக்கு அது தெரிஞ்சுதோ என்னமோ, மயினி ஃபேன் போடட்டுமான்னு வந்து நின்னா.

அந்தக் குளிர்காலத்துல அவளுக்கு எளப்பு சாஸ்தி ஆயிட்டு. நெஞ்சுக்குள்ள விசில் அடிக்க மாதிரி சத்தம். டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்தாங்க. வந்து அவ ஒரு வார்த்தை சொல்லல பாத்துக்கிடுங்க. அவ புத்தி அப்படி. புருசன ஏவி விட்டா. ஜெயசிங் வந்து தறிக்கு அந்தப் பக்கம் நின்னான். பூனை முடி அவளுக்கு ஆவாதாம். பூனைய எங்கயாவது விட்டுருவோம்க்கான்னு தரையப் பாத்துச் சொன்னான்.

பூனை போனா நானும் போறேன்னு சொன்னேன். ஒரு தம்பின்னா என்ன சொல்லணும்? போவாதேன்னு சொல்லணும்லா. அவன் தலையச் சொறிஞ்சான். போதும்னு மகாராஜநகர்ல ஒரு மாடி ரூம் பாத்துட்டேன்.

தறியக் கழத்தும்போது பியூலா வந்தா. ஒவ்வொரு கட்டையா எடுத்து, தன்னோட பழைய சேலையக் கிழிச்சு, சுத்திச் சுத்திக் கட்டினா. நூல்கண்டையெல்லாம் நிறம் பிரிச்சு டப்பாவுல அடுக்கினா. என்ன அவசரம் பாருங்க. நான் சீக்கிரம் தொலையணும்னு முடி மூக்குல ஏறுதது தெரிஞ்சும் உக்காந்து கட்டுதா.

பூனையச் சாக்குல போட்டு வழி தெரியாமக் கொண்டு போவணும்னு பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான். என் சூப்பர்வைசரைச் சாக்குலயா? ஒயர் கூடையில வச்சு, மடியில வச்சு, ஆட்டோவுல வழியெல்லாம் காட்டிக்கிட்டேதான் கொண்டு போனேன்.

புது ரூமுல அது தறிக்கிட்டயே வரல. சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கும். நாடாவ எறிஞ்சாலும் திரும்பாது. ஜன்னல் வடக்க பாத்த ஜன்னல், வெளிச்சம் சரியில்ல, அதுக்குப் பிடிக்கல. வீடு கட்டினவனுக்கு அறிவு இருந்தாத்தான? நானும் கொஞ்ச நாளு நெய்யாமத்தான் கெடந்தேன். மத்தியானம் சோறு பொங்கினா பூனையும் தின்னாது, எனக்கும் வேண்டியிருக்காது. கேக்க ஆளு இல்லாதது நல்லாத்தான் இருந்துது. நல்லாத்தான் இருந்துதுன்னு சொல்லுதேன்.

ஒரு நாளு காலையில கதவு தொறந்த நேரம் பாத்துப் போய்ட்டு.

தேடினேன். அதோட போட்டோ என்கிட்டக் கெடயாது. ஆனா அத நான் தையல்ல போட்டு வச்சிருந்தேன், சட்டத்துலயே மாட்டியிருந்துது. அதக் கையில பிடிச்சுக்கிட்டு வீடு வீடாப் போனேன். ஒரு வீட்டுல, தையல் கிளாஸ் எடுக்கீங்களான்னு கேட்டாங்க. இன்னொரு வீட்டுல ஒருத்தி, வேண்டாம் போங்க, எங்க வீட்டுல ஏற்கெனவே கிளி படம் மாட்டியிருக்குன்னா. கிளியாம். ஒடம்பு பச்சையில போட்டிருந்தேன், வாஸ்தவம். அது பச்சை மேலதான் உக்காந்துது, நான் என்ன செய்ய? காதப் பாத்தா தெரியாதா, மீசையப் பாத்தா தெரியாதா? ஒரு தெருவு பூரா ஒருத்திக்குக் கண்ணு இல்ல. ஓடையப் பாத்தேன், குப்பைமேட்டப் பாத்தேன், மெயின் ரோட்டு ஓரம் எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். கடைசியில ஒரு வீட்டு வாசல்ல உக்காந்துட்டேன். காலு வலிச்சுது, அதான்.

போனு வேற அடிச்சுக்கிட்டே இருந்துது. பாத்தா தம்பி வீட்டு நம்பரு. கட் பண்ணினேன். அடிக்க அடிக்கக் கட் பண்ணினேன். என்ன பேசப் போறாங்க, சாப்பாட்டப் பத்தித்தான?

அடுத்த நாளு பியூலா நேர்ல வந்துட்டா. பஸ்ஸுல வந்து, அம்புட்டுப் படியும் ஏறி, மேல வந்து நிக்க முடியாம வாசப்படியில உக்காந்துட்டா. வாயத் தொறக்கா, சத்தம் வரல. நெஞ்சு மட்டும் ஏறி எறங்குது. நான் தண்ணி குடுத்தேன். பைக்குள்ள மருந்து உறிஞ்சுத பம்ப் வச்சிருந்தா, நாந்தான் எடுத்து வாயில வச்சு அமுக்கினேன். வீட்டு வாசல்ல ஒருத்தி செத்துக் கெடந்தா வீட்டுக்காரன் நம்மளக் காலி பண்ணச் சொல்லுவான்லா.

அப்புறம்தான் சொன்னா. "மயினி, சூப்பி நம்ம வீட்டுக்கு வந்துட்டு. காலுல புண்ணு. நான் கட்டுப் போட்டுருக்கேன்."

கூடவே போனேன். முன் ரூமுல, தறி இருந்த எடத்துல வெறுந்தரையில படுத்துக் கெடந்துது. அந்த எடத்துல அவங்க ஒரு நாற்காலிகூடப் போடல. சோம்பேறிங்க. நான் தூக்கப் போனேன். பூனை என்னப் பாத்துது, எந்திரிச்சு நொண்டி நொண்டி பியூலா காலுக்கு அடியில போய் உக்காந்துட்டு.

நான் கோவப்படல. மிருகத்துக்கு என்ன தெரியும்? அதுக்கு வெளிச்சம் வேணும், தெக்கு பாத்த ஜன்னல் வேணும். திரும்பி வந்துரு அக்கான்னு ஜெயசிங் சொன்னான். வர மாட்டேன்னுட்டேன். நமக்கும் ஒரு மானம் இருக்குல்லா. ஆனா தறிய மட்டும் அங்கன கொண்டு போட்டேன். காலையில பஸ் ஏறிப் போவேன், நெய்வேன், வெளிச்சம் மங்கினா என் ரூமுக்கு வந்துருவேன். பூனைக்காவத்தான், வேற யாருக்காவும் இல்ல. மத்தியானம் பியூலா சோறு வைப்பா. வச்ச சோத்த வீணாக்கலாமா?

பூனைய டாக்டர் அப்பவே வெளிய விடச் சொல்லியாச்சு. இவ என்ன சொல்லியிருக்கா, விட்டாச்சுன்னு சொல்லியிருக்கா. டாக்டர்கிட்டயே பொய்! தெனமும் ஈரத்துணியால அத வழிச்சு வழிச்சுத் தொடப்பா. மூக்குல துணியக் கட்டிக்கிட்டு நெலவாசல்ல உக்காந்து நான் நெய்யுதத வேடிக்கை பாப்பா. பாத்துக்கிட்டே இருந்தா கைக்கு எரிச்சலா இருக்குன்னு, ஒரு சட்டத்தையும் ஊசியையும் கையில குடுத்து சங்கிலித் தையல் சொல்லிக் குடுத்தேன். வாய மூடிக்கிட்டு இருப்பாள்னுதான். மூட்டைப்பூச்சி ஊருத மாதிரி ஒரு தையலு. பூனை என் பக்கத்துலருந்து எந்திரிச்சுப் போய் அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு அத மேற்பார்வை பாக்குது. ரசனையே போய்ட்டு அதுக்கு.

போன மாசம் அவள ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. மூஞ்சியில மூடி போட்டு, காத்து வச்சு, ஒரே ரகளை. நான் கஞ்சி கொண்டு போனேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஜெயசிங் குரல் கேக்குது. இன்னைக்கே அந்தப் பூனைய அடிச்சு வெரட்டுதேன்னு சொல்லுதான். அவனுக்கு அப்படிக் குரல் உண்டுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பியூலா மூடியக் கழத்திட்டு ஏதோ சொன்னா. மெல்லத்தான் சொன்னா. ஆனா என் காது டெலிபோன் போர்டுல பழகின காது.

"பூனை போய்ட்டுன்னா மயினி வர மாட்டாவ."

பாத்தீங்களா அவ சூழ்ச்சிய! மீனுக்குப் புழு மாட்டுத மாதிரி எனக்குப் பூனைய மாட்டி வச்சிருந்துருக்கா. மூச்சு விட முடியாமக் கெடக்கும்போதும் என்ன ஒரு கணக்கு! நான் கொஞ்ச நேரம் அங்கனயே நின்னேன். கையில ஃபிளாஸ்க் வேற, மூடி சரியில்ல, கஞ்சி கையில வடிஞ்சுட்டு. கண்ணுல தண்ணி வந்துட்டு. நல்ல சூடு.

நேரா எப்சிபா வீட்டுக்குப் போனேன். ஆமா, அந்த நகைக்காரி வீட்டுக்குத்தான். அவ தங்கச்சிக்குச் சாயர்புரத்துப் பக்கம் தோட்டம் இருக்கு, எலித் தொல்லைன்னு சங்கத்துல சொல்லிக்கிட்டு இருந்தா. எனக்கு அவளப் பிடிக்காது, இப்பவும் பிடிக்காது. ஆனா அந்தக் கூட்டத்துல நரி மாதிரி இருக்கதப் பாத்து நரின்னு சொன்னவ அவ ஒருத்திதான். அப்படிப்பட்டவகிட்டக் குடுத்தா, தங்கச்சி பூனைக்குச் சோறு போட்டா போட்டான்னு சொல்லுவா, போடலன்னா போடலன்னு சொல்லுவா. கார் கொண்டாந்தா. நான்தான் கூடையில வச்சேன். அது கத்தல, ஒண்ணும் செய்யல, வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்துது. நானும் ரொம்ப நேரம் நிக்கல. பெட்ரோல் வாசனை எனக்கு ஆவாது.

அப்புறம் அந்த முன் ரூமை நானே கழுவி விட்டேன். ஜன்னல் திரையெல்லாம் அலசிப் போட்டேன். பியூலா வீட்டுக்கு வந்தா. சுத்திப் பாத்தா. பூனை எங்கன்னு கேக்கல. கடைசியில, "நாளைக்கு வருவீங்களா மயினி?"ன்னா.

என்ன கேள்வி பாருங்க. தறி அங்கன கெடக்கு. தறியத் தலையில தூக்கிக்கிட்டா நான் போவேன்? "வராம?"ன்னு கேட்டேன். அவ அழுதா. அழுதா மறுபடி எளப்பு வரும், அது தெரியாதா அவளுக்கு? பம்பை எடுத்துக் குடுத்து, வாய மூடிக்கிட்டு ஊசியப் பிடின்னு சொன்னேன்.

தெனமும் போறேன். பூனைக்காவத்தான் போறேன்னு தம்பிகிட்ட முன்னாடி சொல்லிக்கிட்டு இருந்தேன், இப்பம் தையலுக்காவப் போறேன். அவ ஒரு தலையணை உறைக்கு ஓரம் போட்டுக்கிட்டு இருக்கா. நேத்து போட்டத இன்னைக்கு நான் பிரிக்கணும். இன்னைக்குப் போடுதத நாளைக்குப் பிரிக்கணும். இந்த லட்சணத்துல போனா ஒரு உறைக்கே வருசக்கணக்கு ஆவும். என் தலையெழுத்து.

என் ஸ்டாப் வந்துட்டு. தூசியில நிக்காதேன்னு டாக்டர் பியூலாகிட்டச் சொல்லியிருக்காரு, நானும் தலைபாடா அடிச்சுச் சொல்லிட்டேன். எனக்கு வீட்டுக்கு வழி தெரியாதா? இந்தா, இந்த வளைவு திரும்பினதும் அந்தப் பக்கம் பாருங்க, அந்த நீலக் கேட்டுல. மூக்கை முந்தானையால பொத்திக்கிட்டு நிக்கா பாருங்க. கூறு கெட்டவ.

காலைக் கொஞ்சம் எடுங்க, நான் எறங்கணும்.